அக்காவின் கால் அளவு

நான் கடைசி வரியைப் படித்து முடித்தபோது மல்லிகா அக்கா தலையை நிமிர்த்தவில்லை.

தறி அறையில் புதுப் பட்டின் வாசனை. தறியில் நெடுக ஓடும் பழைய பாவு தீர்ந்துபோக, அதன் நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்துக்கொண்டிருந்தார். விரலைச் சாம்பலில் தொட்டு, பழைய இழையையும் புது இழையையும் சேர்த்துக் கிள்ளி, ஒரு திருகு. பிறகு அடுத்த இழை. கண்ணும் கையும் அங்கேயே இருக்க வேண்டிய வேலை. காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதை நம்பித்தான் நான் என் நாவலின் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

'செவ்வந்தி சிறகை விரித்தாள். கீழே அரண்மனை ஒரு புளியங்கொட்டை அளவுக்குச் சிறுத்துப் போனது.'

இதுதான் அந்தக் கடைசி வரி. படித்துவிட்டுக் காத்திருந்தேன்.

அக்கா ஒரு கொத்து இழையை முடித்தார். பிறகு, கையை முந்தானையில் துடைத்தார்.

"முடிஞ்சிச்சா?"

"முடிஞ்சிச்சுக்கா."

"அவ ஏன் அவன உட்டுட்டுப் போறா?"

கதையைப் பற்றிய கேள்வியாக மட்டும் அது இருந்திருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். ஆனால் நான் என்ன பதில் சொல்கிறேனோ அதை வைத்துத்தான் அக்கா தன் கல்யாணத்தை முடிவு செய்யப் போகிறார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மாதம் ஒருமுறை கெட்டுப்போகும் பெட்டி

மல்லிகா அக்கா என் கணவர் செந்திலின் கூடப் பிறந்தவர், அவருக்கு மூத்தவர். முறைப்படி நான் அண்ணி என்று கூப்பிட வேண்டும். கல்யாணமான முதல் வாரமே, "அண்ணின்னா யாரோ மாதிரி இருக்குது, அக்கான்னே கூப்பிடு" என்று சொல்லிவிட்டார்.

நான் ஏனாத்தூரில் நெல் விளைகிற வீட்டில் பிறந்தவள். பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடுகிற வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், அந்தச் சத்தத்தில் யார் என்ன சொல்கிறார்கள் என்று புரியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். தறியை நிறுத்திவிட்டு, சொன்னதைத் திரும்பச் சொன்ன ஒரே ஆள் அக்காதான்.

அக்காவுக்கு இளம் வயதிலேயே கல்யாணமாகி, ஒரு வருஷம் நிறைவதற்குள் திரும்பி வந்துவிட்டார். நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பு நடந்தது அது. பெரியவர்கள் பேசிப் பார்த்து, கோர்ட்டிலும் முறையாகப் பிரிந்தாயிற்று. ஏன் வந்தார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. மாமியார் ஒரு காரணம் வைத்திருந்தார். தெரு வேறு சில காரணங்கள் வைத்திருந்தது. அக்கா எதையும் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

இனி நாகராஜ். தறிக்கு மேலே மரச்சட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியைப் பழுது பார்க்கிறவர். துளை போட்ட அட்டைகள் அந்தப் பெட்டியில் வரிசையாகச் சுற்றி வந்து, எந்த இழையைத் தூக்க வேண்டும் என்று சொல்லும்; பெட்டி நின்றால் புடவையில் பூ நின்றுவிடும். அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு, வெளியே எங்கள் ஊர்த் தமிழ். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாமல் ஓரிக்கைப் பக்கம் அம்மாவோடு இருந்தார். தெருவில் மற்றவர்கள் வீட்டுப் பெட்டி எப்போதாவது கெட்டால், எங்கள் வீட்டுப் பெட்டி மாதா மாதம் கெட்டது.

"நம்ம பெட்டிக்கு மட்டும் இன்னா கேடு?" என்றார் மாமியார் ஒருநாள் காலையில்.

"பழசும்மா. அப்படித்தான்" என்றார் அக்கா.

அப்போது நான் இனியாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். என் மகள், எல்.கே.ஜி. படிக்கிறாள். வாயில் இட்லியோடு சொன்னாள்:

"மல்லி அத்ததான் அட்டைய கழட்டி ஒளிச்சு வெச்சாங்க. நான் பாத்தேன்."

மாமியார் என்னைப் பார்த்தார். நான் இட்லியைப் பார்த்தேன். அக்கா எழுந்து போய், தறியில் உட்கார்ந்து, மளமளவென்று நெய்ய ஆரம்பித்துவிட்டார். பெட்டி நன்றாகவே ஓடியது.

கொஞ்ச நாளில் அக்காவைத் தனக்குக் கட்டித் தருவீர்களா என்று நாகராஜே செந்திலிடம் நேராகக் கேட்டுவிட்டார். மாமியார் இரண்டு நாள் யாரோடும் பேசாமல் பாத்திரங்களோடு மட்டும் பேசினார். மூன்றாம் நாள் சாப்பாடு போடும்போது, "வேற பாஷை, வேற ஜனம். ஆனா தறி வூட்டு ஆளு" என்றார். சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். முடிவு அக்கா கையில். "ஆடி முடியறதுக்குள்ள சொல்லிடு. ஆவணியில நாள் பாக்கணும்" என்று மாமியார் கெடுவும் வைத்தார்.

அக்கா என் பக்கம் கையைக் காட்டினார்.

"இவ ஏதோ கதை எழுதிக்கினு இருக்கா இல்ல? அத முழுசா கேட்டுட்டுச் சொல்றேன்."

செந்தில் சிரித்துவிட்டார். அறைக்குள் வந்ததும், "அக்கா டைம் வாங்குது. உன் கதைய கேட்டா முடிவு பண்ணும்? பார்டருக்கு கலர் சொன்னாவே கேக்காத ஆளு அது" என்றார்.

அவருக்கு என்ன, காலையில் ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ் ஏறிவிடுவார். நாவலின் முடிவு இந்த வீட்டில் எனக்கு மட்டும்தானே தெரியும்.

இறங்க வழியில்லாத ராஜகுமாரி

அந்த நாவல் தொடங்கியதே இனியாவுக்குச் சோறு ஊட்டும்போதுதான். கதை சொன்னால்தான் வாய் திறப்பாள். நான் படித்த கதைகளையெல்லாம் சொல்லித் தீர்த்தேன். ஏழாவது மாடியில் ராஜகுமாரி. கீழே குதிரையில் ராஜகுமாரன். ஒருநாள் ரசம் சாதத்தை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, "அந்த வீட்ல மாடிப்படி இல்லையாம்மா?" என்று கேட்டாள்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. நான் அப்படித்தான். குழந்தைக்கு உடம்பு லேசாகச் சுட்டாலே தெர்மாமீட்டரை மறுபடி மறுபடி வைத்துப் பார்க்கிறவள். காத்திருக்கிற பெண்களின் கதையாகவே கேட்டு வளர்ந்தால் இவளும் காத்துக்கொண்டே இருந்துவிடுவாளோ? மறுநாளிலிருந்து நானே கதை கட்ட ஆரம்பித்தேன். வாய்க்கு வாய் வளர்ந்த கதை, அவள் பள்ளிக்கூடம் போனபின் தாளுக்கு வந்தது.

செவ்வந்தி எங்கள் தெரு மாதிரி ஒரு தெருவில் நெய்கிற பெண். அவள் கரையில் போடுகிற அன்னமும் மயிலும் கிளியும், புடவையைத் தறியிலிருந்து அறுத்த கணத்தில் கண் திறக்கும். அன்னங்கள் இறங்கிப் போய்க் கோயில் குளத்தில் தண்ணீர் குடிக்கும். கிளிகள் பக்கத்து வீட்டு மிளகாயைக் கொத்திவிட்டுத் திட்டு வாங்கும். அவளைப் பார்க்க ஒரு ராஜகுமாரன் வருகிறான். வறண்ட பாலாற்றின் இளவரசன். அவன் நடந்தால், மணலில் பதிந்த ஒவ்வொரு அடியிலும் தண்ணீர் ஊறும்.

இரண்டு பேருக்கும் காதல். ஆற்று மணலின் நடுவில் இருக்கும் தன் அரண்மனைக்கு அழைத்துப்போய், தங்கத்தில் செய்த தறியைக் கொடுக்கிறான். அவள் நெய்கிறாள். ஆனால் அங்கே அவள் நெய்த ஒரு பறவையும் கண் திறக்கவில்லை. நாள் ஆக ஆக அவள் பேச்சு குறைகிறது. கடைசியில் தன் கூந்தலையே இழையாக்கிச் சிறகு நெய்து, பறந்துபோய்விடுகிறாள்.

சென்னையில் ஒரு சிறிய பதிப்பகம் அதைப் போட ஒப்புக்கொண்டது. அங்கே இருந்த அம்மையார், "அந்தச் சிறகு முடிவு ரொம்ப பவர்ஃபுல்மா, அதுல கையே வைக்காதீங்க" என்று போனில் சொல்லியிருந்தார். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

இப்போது அதே முடிவை நினைத்தால் பகீர் என்றது. ஒரு முறை திரும்பி வந்த பெண். இன்னொரு முறை மனசை எடுத்து வைக்கலாமா என்று தயங்கி நிற்கிறார். அவரிடம் போய், நல்லவனாகவே இருந்தாலும் அவனை விட்டுப் பற என்று படித்துக் காட்டுவதா? எழுதுவது எனக்குச் சுலபம். நான் எழுதிவிட்டு, செந்தில் வந்ததும் அவருக்குத் தோசை ஊற்றுவேன். அக்கா?

இன்னொரு முடிவு

அதனால் ஒரு காரியம் செய்தேன். வேறு ஒரு முடிவு எழுதினேன்.

புது முடிவில் செவ்வந்தி அரண்மனையிலேயே இருக்கிறாள். இளவரசன் அவள் கையைப் பிடித்ததும் பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கண் திறக்கின்றன. குளம் நிறைகிறது. மேளம், தாலி எல்லாம் உண்டு. குக்கர் விசில் அடிப்பதற்குள் எழுதி முடித்துவிட்டேன். இனியாவைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து, அதைத்தான் அக்காவுக்கு முதலில் படித்தேன்.

அக்கா இழைகளைப் பிணைத்துக்கொண்டே கேட்டார். கடைசியில் கல்யாண விருந்து வந்ததும் கை நின்றது.

"இது நீ எழுதுனதா?"

"நான்தாங்க்கா."

"இல்ல. நேத்து வரைக்கும் படிச்ச பொண்ணு வேற. ஒருவாட்டி கூட பல்லு தெரிய சிரிக்காதவ, இப்போ வுழுந்து வுழுந்து சிரிக்கிறா. வேற பாவ கொண்டாந்து சேத்திருக்கே."

நான் தாள்களை ஒழுங்காக அடுக்கினேன்.

"எனக்காகவா?"

"அக்கா, அது..."

"போம்மா, போயி பழசை எடுத்துக்கினு வா."

எடுத்து வந்தேன். படித்தேன். அப்படித்தான் அந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்தோம். அவள் ஏன் அவனை விட்டுவிட்டுப் போகிறாள்?

எட்டாத மிதி

"அவளுக்குச் சுதந்திரம் வேணும்க்கா" என்றேன். பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டியில் பேசுகிற மாதிரி இருந்தது.

"ஏன், அவன் பூட்டி வெச்சானா?"

"இல்ல."

"கை நீட்டினானா?"

"சேச்சே. நல்லவன்க்கா."

"பின்ன? பாவம் அந்தப் புள்ள. நடந்தா தண்ணி வருது. அதுக்கு மேல ஒரு ஆம்பள இன்னாதான் பண்ணுவான்?"

"அரண்மனைல அவ நெய்ஞ்ச பறவைக்கு உசுரு வரல இல்ல, அதனாலதான்..."

"அதான் கேக்கறேன். ஏன் வரல?"

நான் தாள்களைப் புரட்டினேன். 'அன்பு', 'மனம்', 'வேர்' என்றெல்லாம் அங்கே எழுதியிருந்தேன். எதையும் உரக்கச் சொல்ல வாய் வரவில்லை.

"அந்தத் தங்கத் தறிக்கு குழி யாரு வெட்டுனது?" என்று கேட்டார் அக்கா.

"குழியா?"

"தறின்னா குழி இல்லாம?"

எங்கள் ஊர்த் தறிகள் குழித்தறிகள். நெய்கிறவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு, உள்ளே இருக்கும் மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். மிதித்தால் இழைகள் மேலும் கீழுமாக விரியும். அதன் நடுவே, ஊடு இழையைச் சுமந்துகொண்டு நாடா ஓடும். அக்காவின் கால் குழிக்குள் இருப்பதை வருஷக்கணக்காகப் பார்த்தும், அந்தக் குழிக்கு ஓர் ஆழம் உண்டு என்பதை நான் யோசித்ததில்லை. என் நாவலில் தங்கத் தறிக்கு வைரத்தில் நாடாகூட இருந்தது. குழி இல்லை.

அக்கா மறுபடி இழையை எடுத்தார். பேச்சு கையோடு சேர்ந்து வந்தது.

"அங்க ஒரே தறி. மாமனாரோடது. அவரு பன மரம் மாதிரி ஆளு. கண்ணு மங்கிப் போச்சு, நெய்யறத உட்டுட்டாரு. என்னை உக்கார வெச்சாங்க. உக்காந்தேன். காலு எட்டல."

"எட்டலன்னா?"

"தொங்குது. கயித்த சுருக்கிக் கட்டினா மிதி மேல வரும், ஆனா இழ சரியா விரியாது, நாடா போயி சிக்கிக்கும். கட்ட விரல நீட்டி நீட்டி மிதிப்பேன். சாயங்காலத்துக்குள்ள இடுப்பு கழண்டு போவும். நெசவு ஒரு எடத்துல இறுகி, ஒரு எடத்துல தளந்து... நம்ம தெருவுல என் புடவையத்தான் மத்தவங்களுக்கு காட்டுவாங்க. அங்க, 'இவளுக்கு நெய்யத் தெரியும்னு யாரு சொன்னது'ன்னு கேட்டாங்க."

"நீங்க சொல்லலையாக்கா? கொஞ்சம் மண்ணு போட்டு மேடாக்கச் சொல்லி?"

"சொன்னேனே. மாமியாரு நெஞ்சில கைய வெச்சிக்கினாங்க. 'உசுரோட இருக்கிற மனுஷன் குழியில மண்ணு போடச் சொல்றியா'ன்னு. அப்புறம் எப்படிப் பேசறது? ரெண்டு செங்கல்ல குடுத்தாங்க. அது ஆடும்."

"அவரு? உங்க வீட்டுக்காரரு?"

அக்கா ஓர் இழையைத் திருகி முடித்தார்.

"நல்லவருதான். அவருக்கு எட்டிச்சு. அதனால புரியல."

அக்காவே முடித்தார்.

"ஆடிக்கு கூட்டிக்கினு வந்து உட்டாங்க. வந்ததும் இந்தக் குழியில கால உட்டேன். பாதம் முழுசா பதிஞ்சிச்சு. அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் நெய்ஞ்சேன். அப்புறம் போவல. இத்தப் போயி பஞ்சாயத்துல எப்படிச் சொல்றது? மிதி எட்டலன்னா சிரிப்பாங்க."

அடுப்பு மேடை

வாசற்படியில் டீ டம்ளரோடு மாமியார் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. டீயில் ஆடை படிந்திருந்தது.

"இத்த ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ இன்னா சொல்லியிருப்பே?"

மாமியார் டம்ளரைக் கீழே வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு செங்கல்லு வெச்சிக்கோன்னு சொல்லியிருப்பேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமியாருக்குக் கண் கலங்கியிருந்தது; இருந்தாலும் அவரும் சிரித்தார்.

நான் டீயைச் சூடாக்க உள்ளே போனேன். அடுப்பு மேடை முன்னால் நின்றபோது என் குதிகால்கள் தரையில் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் அப்படித்தான் நின்று சமைக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமியார் உயரத்துக்குக் கட்டிய மேடை என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு என்ன தைரியமோ, பின்னாலேயே வந்த மாமியாரிடம் கேட்டுவிட்டேன்.

"அத்தை, இந்த மேடை உங்களுக்குச் சரியா இருக்குதா?"

"எங்க? எனக்கும் ஒசரம்தான். எங்க மாமியார் நின்னு கட்டுன மேடை. அவங்க நல்ல ஒசரம்."

அவர் காலையும் பார்த்தேன். பெருவிரலில் நின்றுகொண்டு, பருப்பு டப்பாவை எட்டிக்கொண்டிருந்தார்.

அளவு

அக்கா பதில் சொல்லவில்லை என்பது மறுநாள் காலையில்தான் எல்லோருக்கும் நினைவு வந்தது. கதையும் முடிந்துவிட்டது, ஆடியும் முடியப்போகிறது. செந்தில் கேட்டதற்கு, "ஞாயித்துக்கிழமை அவரையே வரச் சொல்லு" என்றார் அக்கா.

எனக்குச் சோறு இறங்கவில்லை. முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று தோன்றியது. பழைய முடிவைப் படித்தது என் தப்போ? புது முடிவையே பிடிவாதமாக வைத்திருக்கலாமோ? செந்திலிடம் புலம்பினேன். "நீ எழுதலன்னாலும் அக்காவுக்கு காலு இருக்குது" என்றார். அப்போது அது எனக்கு ஆறுதலாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நாகராஜ் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் எங்கள் வீட்டுக்குள் நுழைவது அவருக்குப் பழக்கமில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கண் இரண்டு முறை ஜக்கார்டு பெட்டிக்குப் போய் வந்தது.

அக்கா தறியில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"உங்க வூட்ல தறி இருக்குதா?"

"இருக்குதுங்க. அம்மா தறி. இன்னும் நெய்யுறாங்க."

"குழி அவங்க அளவா?"

"ஆமாங்க."

"நான் வந்தா எதுல உக்கார்றது?"

மாமியார் சட்டென்று குறுக்கே வந்தார். "அதெல்லாம் போயி பாத்துக்கலாம்டி, இதையெல்லாமா..."

"அம்மா, நீ சும்மா இரு."

நாகராஜ் தறியைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தார். அந்த நேரத்தில் என் மனசு எங்கெல்லாம் போய் வந்தது என்று எழுத ஒரு நோட்டு முழுசும் போதாது.

"அம்மா தறிய தொட முடியாதுங்க. அது அவங்களது. பக்கத்துல எடம் இருக்குது, பழைய தறிச் சட்டம் ஒண்ணு பரண்ல கெடக்குது. குழி புதுசா வெட்டணும்" என்றார். பிறகு, பழுது பார்க்க வரும்போது கேட்கிற அதே குரலில், "அளவு குடுங்க" என்றார்.

அக்கா குழியிலிருந்து காலை எடுத்து, வெளியே வந்து, சுவரோரம் உட்கார்ந்து காலை நீட்டினார். கணுக்காலுக்கு மேல் புடவையைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டார்.

மாமியார் பதறினார். "ஐயோ, கல்யாணத்துக்கு முன்ன கால தொடறதா?"

"நீ அள" என்று அக்கா ஒரு கயிற்றை என்னிடம் நீட்டினார்.

நான் மண்டியிட்டு, முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை கயிறு பிடித்தேன். அக்காவின் பாதத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. எப்போதும் குழிக்குள் இருக்கிற பாதம். வெயில் படாமல் வெளுத்து, கட்டைவிரலுக்குக் கீழே மட்டும் காய்த்துப்போயிருந்தது. முடிச்சுப் போட்டு, சரிதானா என்று சந்தேகம் வந்து, அவிழ்த்து மறுபடி அளந்தேன்.

"குதிகாலால மிதிப்பீங்களா, விரலாலயா?" என்று கேட்டார் நாகராஜ்.

"விரலால."

"எந்தக் காலு முன்ன?"

"வலது."

"அப்போ அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வா வெட்டணும்."

பெண் பார்க்கிற படலங்கள் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என்னையே நாலு பேர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இப்படிக் கேள்வி யாரும் கேட்டதில்லை. அக்காவின் காது மடல் சிவந்துவிட்டது.

"குழி முடிஞ்சதும் சொல்லுங்க" என்றார். "வந்து உக்காந்து பாப்பேன். சரியா இருந்தா அம்மா நாள் பாக்கட்டும். இல்லன்னா வேணாம்."

சிறகு

அந்த வாரமே நான் நாவலைத் திறந்தேன். இளவரசனை நான் கெட்டவனாக்கவில்லை. செவ்வந்தியின் கூந்தலை அவளிடமே விட்டுவிட்டேன், சிறகு போயிற்று. தங்கத் தறியில் அவள் கால் எட்டவில்லை என்று எழுதினேன். அதை அவள் முதலில் தனக்கே சொல்லிக்கொள்கிறாள், பிறகு அவனிடம் சொல்கிறாள். அதற்குப் பின் அவன் என்ன செய்கிறான் என்ற பக்கத்தை வெற்றாக விட்டு வைத்தேன். எனக்கு அப்போது தெரியாது.

பதிப்பகத்து அம்மையாருக்கு வருத்தம். "கால் எட்டலைங்கிறது ரொம்பச் சின்ன விஷயமா இல்லையாம்மா? ஒரு பெண் அதுக்காகவா அரண்மனையை வெறுப்பா?"

"இருக்கலாம் மேடம்" என்றேன். சரியாகச் சொன்னேனா என்று போனை வைத்த பின்பும் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் மாற்றவில்லை.

அக்காவிடம் கேட்டேன், அவர் கால் விஷயத்தை நாவலில் எழுதலாமா என்று. "எழுதிக்கோ. கதையில எம் பேரப் போடாத. காலு யாரோடதுன்னு எனக்குத் தெரியும், போதும்" என்றார்.

ஓரிக்கையில்

குழி தயார் என்று சேதி வந்ததும், மாமியார், அக்கா, நான், இனியா நாலு பேரும் ஷேர் ஆட்டோவில் போனோம். கல்யாணத்துக்கு முன் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதாவது என்று மாமியார் வழியெல்லாம் முணுமுணுத்தார். ஆனாலும் பூவும் பழமும் வாங்கிக்கொள்ள அவர் மறக்கவில்லை.

நாகராஜின் அம்மா ஒடிசலான, குள்ளமான பெண்மணி. "ரா அம்மா, கூர்ச்சோ" என்று தெலுங்கில் உட்காரச் சொல்லி எல்லோருக்கும் பாய் விரித்தார். அக்கா உட்காரவில்லை. நேராகத் தறி அறைக்குப் போனார்.

அம்மாவின் தறிக்குப் பக்கத்தில் புதுக் குழி. ஈரச் செம்மண் வாசனை. சட்டம் மாட்டி, பாவு ஏற்றி, மேலே பெட்டியும் வைத்திருந்தார் நாகராஜ். அக்கா தறியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தார். காலை உள்ளே விட்டார்.

இனியா என் சுடிதாரைப் பிடித்து இழுத்தாள். நான் அக்காவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா ஒருமுறை மிதித்தார். இன்னொரு முறை. நிறுத்திவிட்டு எழுந்தார்.

"ஆழம் அதிகம்."

நான் பிடித்த கயிறு. முடிச்சை அவிழ்த்து மறுபடி அளந்தபோதே எனக்குச் சந்தேகம். மாமியார் அவசரமாக, "கொஞ்சந்தானே, ரெண்டு செங்..." என்று ஆரம்பித்து, வாயைப் பொத்திக்கொண்டார்.

நாகராஜ் அளவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொல்லைக்குப் போய்க் கூடையில் மண் எடுத்து வந்தார். இஸ்திரிச் சட்டையோடு குழிக்குள் இறங்கினார். அவர் அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து தெளிக்கத் தெளிக்க, மண்ணைப் போட்டு மிதித்தார். மேலே ஒரு கோணியை மடித்து விரித்தார். ஏறி வந்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டாமல் ஒதுங்கி நின்றார்.

"இப்போ பாருங்க."

அக்கா மறுபடி உட்கார்ந்தார். காலை விட்டார். வலது காலால் மிதித்தார், இழைகள் விரிந்தன. நாடா போனது. இடது கால். நாடா திரும்பி வந்தது. மேலே பெட்டியில் அட்டை ஒன்று நகர்ந்தது. சத்தம் முதலில் தயங்கித் தயங்கி வந்து, பிறகு ஒரே சீராக ஓடத் தொடங்கியது.

நாங்கள் காபி குடித்தோம். நாகராஜின் அம்மா இனியாவுக்கு முறுக்கு கொடுத்தார். மாமியாரும் அவரும் ஆளுக்கொரு மொழியில் முட்டிவலியைப் பற்றிப் பேசினார்கள். வெயில் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. மாமியார் எழுந்து புடவையை உதறிக்கொண்டு, தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார்.

"அடியே மல்லிகா, பாத்த வரைக்கும் போதும். கெளம்பு, ஆட்டோ போயிடும்."

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

"நீங்க முன்ன போங்கம்மா. இந்தப் பூவ முடிச்சிட்டு வரேன்."